வேலூரிலேயே முடித்துவிட வேண்டிய எடைக் கணக்கு

காட்பாடியில் ரயில் ஏறிப் பழகியவர்களுக்கு மூட்டையின் எடை ஒரு பொருட்டே இல்லை. ரயிலிலும் கணக்கு உண்டு. ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம் என்பது விதி. ஆனால் அதை நிறுத்துப் பார்ப்பவர் அபூர்வம். அதே பழக்கத்தில் விடுமுறைக்கு அந்தமான், கோவா, கொழும்பு என்று விமானம் ஏறக் கிளம்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் கிடைப்பது 15 கிலோ. அங்கே ஒவ்வொரு பெட்டியும் தராசில் ஏறியே தீரும். எத்தனை கிராம் கூடுதல் என்பது வரை திரையில் தெரியும்.

இன்னொன்று தூரம். சென்னை விமான நிலையம் வேலூரிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பெங்களூரு கெம்பேகவுடா என்றால் 200-க்கும் மேல். சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரத்துக்காரர் இரண்டு கிலோ கூடிப்போனால் வீட்டுக்குப் போன் போட்டு யாரையாவது வரவழைத்துக் கொடுத்தனுப்பலாம். வேலூர் சத்துவாச்சாரிக்காரருக்கு அந்த வசதி இல்லை. கவுன்ட்டரில் நிற்கும்போது அவருக்கு இருப்பவை இரண்டே வழிகள்: பணம் கட்டுவது, அல்லது பொருளைக் குப்பைத் தொட்டியில் போடுவது. ஆகவே எடைக் கணக்கை டிக்கெட் எடுக்கும்போது பாதியும் வீட்டில் பெட்டி கட்டும்போது மீதியும் முடித்துவிட வேண்டும். விமான நிலையத்துக்கு மிச்சம் வைக்கக் கூடாது.

அந்தக் கட்டணம் எங்கிருந்து வருகிறது

கூடுதல் எடைக்கு எரிபொருள் அதிகம் செலவாகும், அதற்காகத்தான் வசூலிக்கிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதில் உண்மை கொஞ்சம்தான். ஏற்றிய கூடுதல் எடையில் ஏறக்குறைய 3 முதல் 4 சதவீதம், ஒரு மணி நேரப் பறப்புக்கு எரிபொருளாகத் தீரும். ஐந்து கிலோவை இரண்டு மணி நேரம் சுமந்து போக அரை லிட்டர் போதும். கவுன்ட்டரில் அதே ஐந்து கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். டிக்கெட் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு இருக்கை, சாப்பாடு, லக்கேஜ் என்று தனித்தனியாக விற்பதே இப்போதைய விமான வியாபாரம். கடைசி நேரத்தில் வேறு வழியின்றி வாங்குகிறவருக்கு அதில் விலை அதிகம்.

அரசும் ஒருமுறை கைவைத்துப் பார்த்தது. 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை கிலோவுக்கு 100 ரூபாய்தான் வாங்கலாம் என்று 2016-ல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிட்டது. விமான நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 20 கிலோவுக்குப் பேர்போன ஏர் இந்தியாவும் 2024-ல் குறைந்த விலை டிக்கெட்டுகளில் அதை 15 ஆக்கிவிட்டது. செக்-இன் லக்கேஜே, அதாவது கவுன்ட்டரில் ஒப்படைக்கும் பெட்டியே, இல்லாத டிக்கெட்டை மலிவாக விற்கலாம் என்ற அனுமதி 2021-லேயே வந்துவிட்டது. இந்தப் பின்னணி தெரிந்தால், தேடும்போது முதலில் கண்ணில் படுகிற விலையை நம்ப மாட்டோம்.

டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது

வெளிநாட்டு விடுமுறைக்கு மக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கோலாலம்பூர், பாங்காக், சிங்கப்பூர் போகும் ஏர் ஏஷியா, ஸ்கூட், வியட்ஜெட் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்களின் அடிப்படை டிக்கெட்டில் செக்-இன் லக்கேஜ் பூஜ்யம். கையில் கொண்டுபோகும் பை மட்டும்தான். வழக்கமான நிறுவனத்தைவிட நாலாயிரம் ரூபாய் குறைவு என்று எடுத்துவிட்டு, பிறகு 20 கிலோ சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே விலையில் வந்து நிற்கும். ஒப்பிடுவதென்றால் லக்கேஜையும் சேர்த்த விலையை ஒப்பிட வேண்டும். அதுவும் போக ஒரு முறை, வர ஒரு முறை. சில தளங்களில் லக்கேஜ் போகும் பயணத்துக்கு மட்டும் சேர்ந்திருக்கும். திரும்பும் பயணத்துக்கு அது பூஜ்யமாகவே இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

டிக்கெட்டில் லக்கேஜ் இரண்டு விதமாக அச்சாகும். 15, 20, 30 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'கே' எழுத்து இருந்தால் மொத்த எடைக் கணக்கு. ஒன்று அல்லது இரண்டு 'பிசி' என்றிருந்தால் உருப்படிக் கணக்கு. அமெரிக்கா, கனடா பக்கம் இந்த இரண்டாவது முறைதான். பொதுவாக எகானமியில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ, நீள அகல உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள். இந்த முறையில் ஒரு பெட்டி 27, இன்னொன்று 19 என்று கட்டிவிட்டு "மொத்தம் 46தானே" என்று வாதாட முடியாது. 27 கிலோ பெட்டிக்குத் தனிக் கட்டணம் விழும். எந்த முறையானாலும் ஒரே உருப்படி 32 கிலோவைத் தாண்டினால் எடுக்கவே மாட்டார்கள். பெட்டியைத் தூக்கிப் போடும் தொழிலாளியின் முதுகுக்காக உலகம் முழுக்க வைத்திருக்கும் வரம்பு அது. பணம் கட்டினாலும் நகராது.

எடைக் கணக்கில் குடும்பத்துக்கு ஒரு வசதி உண்டு. நாலு பேருக்கும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் டிக்கெட் எடுத்திருந்தால், ஒருவர் பெட்டி 17, இன்னொருவர் பெட்டி 12 என்று இருந்தாலும் பெரும்பாலும் கூட்டிப் பார்த்து விட்டுவிடுவார்கள். சலுகைக்காக மாமனார் டிக்கெட்டைத் தனியாகவும் பிள்ளைகள் டிக்கெட்டைத் தனியாகவும் எடுத்தால் இந்தக் கூட்டல் கேள்விக்குறி. கூடவே ஒரு பொறி: உள்நாட்டில் சில நிறுவனங்கள் 15 கிலோவை ஒரே பெட்டியாகத்தான் தரச் சொல்கின்றன. எட்டு கிலோ, ஏழு கிலோ என்று இரண்டு சின்னப் பைகளாகக் கொண்டுபோனால், எடை சரியாக இருந்தும் இரண்டாவது பைக்குத் தனியாகக் கேட்பார்கள்.

சென்னையிலிருந்து டெல்லி ஒரு டிக்கெட், டெல்லியிலிருந்து வெளிநாடு வேறு நிறுவனத்தில் வேறு டிக்கெட் என்று பிரித்து எடுப்பவர்களுக்கு இன்னும் பெரிய அடி. ஒரே டிக்கெட்டாக இருந்தால் வெளிநாட்டுப் பயணத்தின் 30 கிலோ உள்நாட்டுப் பகுதிக்கும் பொருந்தும். பிரித்து எடுத்தால் டெல்லி வரை 15 கிலோதான் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

வி.ஐ.டி. மாதிரி கல்லூரிகளில் படிக்கிறவர்கள் விடுமுறைக்குப் பறப்பதானால் மாணவர் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். பல இந்திய நிறுவனங்கள் அதில் 10 கிலோ கூடுதலாகத் தருகின்றன. கல்லூரி அடையாள அட்டையைக் கவுன்ட்டரில் காட்ட வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து திரும்பும் நோயாளிகளின் சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவை எடைக் கணக்கில் சேராது. இது பலருக்குத் தெரியாமல் கவலைப்படுகிறார்கள்.

தராசு

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தொங்கு தராசு ஒன்று வீட்டில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பட்டையைப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டி, இரண்டு கையாலும் ஆடாமல் தூக்கி, எண் உறையும் வரை பிடிக்க வேண்டும். ஆட்டினால் அரை கிலோ முன்பின் காட்டும். பேட்டரி இறங்கினாலும் தவறும். மூன்று முறை நிறுத்து, அதில் பெரியதையே கணக்கில் வையுங்கள்.

குளியலறைத் தராசு இருந்தால் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள்; வித்தியாசம்தான் பெட்டியின் எடை. பெட்டியை நேராக அதன்மேல் வைத்தால் எண்ணையும் மறைக்கும், எடையும் ஒழுங்காக விழாது. தராசு சரியா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு படிக்கல் இருக்கிறது. எரிவாயு தீர்ந்த காலி சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டை ஒன்றில் அதன் வெற்று எடை பொறித்திருக்கும். பெரும்பாலும் 15, 16 கிலோ அளவில். நமக்கு வேண்டிய வரம்பும் அதேதான். சிலிண்டரைத் தராசில் வைத்துப் பாருங்கள். பொறித்த எண்ணுக்கும் தராசுக்கும் எத்தனை கிராம் வேறுபாடோ, அதைப் பெட்டி எடையில் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். எந்தத் தராசும் இல்லையென்றால் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போகலாம், மின்னணுத் தராசு இருக்கும் கடையாகப் பார்த்து.

வீட்டில் 14.5-ல் நிறுத்திவிடுவது நல்லது. கவுன்ட்டரில் ஆள் இருந்தால் இருநூறு கிராமைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடும். நாமே பெட்டியைப் போடும் இயந்திரம் அப்படி விடாது. விமான நிலையத் தராசிலும் பெட்டியை வைக்கும் முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய பயணியின் பையோ பெல்ட்டில் ஊன்றிய நம் காலோ எடையைக் கூட்டியிருக்கலாம். சந்தேகமென்றால் பக்கத்துக் கவுன்ட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

பெட்டிக்குள் எடை எங்கே ஒளிந்திருக்கிறது

முதல் குற்றவாளி பெட்டியேதான். 28 அங்குல கெட்டிப் பெட்டி காலியாகவே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். 15 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. 24 அங்குலத் துணிச் சூட்கேஸ் மூன்று கிலோ சொச்சம். சக்கரமில்லாத கான்வாஸ் பை ஒரு கிலோதான். 15 கிலோ பயணத்துக்குப் பெரிய கெட்டிப் பெட்டி தேவையே இல்லை. அது காலியாகத் தெரிந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது திணித்துக்கொண்டே இருக்கும்.

ஒருவர் ஒரு வாரத்துக்குக் கட்டும் பெட்டியை இப்படிப் போட்டுப் பார்க்கலாம். பெட்டி 3.8 கிலோ. நாலு சட்டை ஒரு கிலோ. இரண்டு ஜீன்ஸ் 1.3. இரவு உடை 0.6. உள்ளாடைகள் 0.5. டர்க்கித் துண்டு 0.5. கூடுதலாக ஒரு ஜோடி தோல் ஷூ 1.1. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் வகையறா 0.9. சார்ஜர், மருந்து 0.4. கூட்டினால் 10.1. "இன்னும் ஐந்து கிலோ இருக்கிறதே" என்று அம்மா இரண்டு கிலோ முறுக்கும் தட்டையும், ஒரு கிலோ மிக்சரும், ஒரு கிலோ ஆற்காடு மக்கன் பேடாவும், கண்ணாடிப் பாட்டிலில் ஊறுகாயும் வைக்கிறார். பாட்டிலோடு ஊறுகாய் 0.9. சரியாக 15.

இதில் தின்பண்டத்தைக் குறை சொல்ல மாட்டோம். அது போகும்போது எடை, திரும்பும்போது இடம். சாப்பிட்ட நாலு கிலோ அளவுக்கு ஊரில் வாங்கிய பொருளை வைத்துக்கொள்ளலாம். வெட்ட வேண்டியவை திரும்பவும் அப்படியே வரும் பொருட்கள்: இரண்டாவது ஜீன்ஸ், டர்க்கித் துண்டு, இரண்டாவது ஷூ. டர்க்கிக்குப் பதில் ஈரிழைத் துண்டு வைத்தால் எடை மூன்றில் ஒரு பங்காகும், சீக்கிரம் காயவும் செய்யும். பட்டுப்புடவை ஒன்று முக்கால் கிலோவுக்கும் மேல் போகும் என்பதை, உறவுக்காரர் கல்யாணத்தையும் சுற்றுலாவையும் ஒன்றாக முடிக்க நினைப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டிலை வீட்டிலேயே விட்டு ஊறுகாயை உறையில் அடைத்தால் நானூறு கிராம் மிச்சம்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்கள் வெளியூர் உறவுகளுக்குத் தோல் பொருளைத்தான் பரிசாக எடுத்துப் போவார்கள். ஆண்கள் ஷூ ஜோடி ஒன்று ஒரு கிலோவைத் தாண்டும். அட்டைப் பெட்டி இன்னொரு இருநூறு கிராம், இடமும் இரு மடங்கு. பெட்டியைக் கழற்றிவிட்டு ஷூவுக்குள் காலுறையையும் சார்ஜரையும் திணிக்கலாம். தோல் ஜாக்கெட் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். அதை உடம்பில் போட்டுக்கொண்டால் எடைக் கணக்கில் வராது. மே மாத வேலூர் வெயிலில் அது கொஞ்சம் தண்டனைதான். வண்டியில் கழற்றி வைத்துவிட்டு இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

பிரியாணி தனி விவகாரம். ஒரு கிலோ அரிசி பக்கெட் கறியோடு சேர்த்து மூன்றரை, நாலு கிலோ வந்துவிடும். உள்நாட்டில் மூன்று மணி நேரத்தில் சாப்பிட்டுவிடுவதானால் கைப்பையில் இடம் ஒதுக்கலாம். வெளிநாட்டுக்கு வேண்டாம், இறைச்சி உணவைப் பல நாடுகள் இறங்கும் இடத்திலேயே பறித்துவிடும். மசாலாப் பொடி எடுத்துப் போகிறவர்கள் அதில் கசகசா இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அமீரகம், சவுதி, சிங்கப்பூரில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. இது அபராதத்தோடு முடிகிற விஷயமில்லை. கொப்பரையும் செக்-இன் பெட்டியில் போகாது. எண்ணெய்ச் சத்து அதிகமென்பதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்ற வகையில் வருகிறது.

கைப்பை

இந்தியாவில் ஒரு கைப்பை, 7 கிலோ, மூன்று பக்க அளவையும் கூட்டினால் 115 சென்டிமீட்டர். அதோடு மடிக்கணினிப் பையோ பெண்கள் கைப்பையோ சிறியதாக ஒன்று. ஏர் ஏஷியாவில் இரண்டு பையையும் சேர்த்தே 7 கிலோ. ஸ்கூட்டில் சேர்த்து 10. எடை அதிகமும் உருவம் சிறியதுமான பொருட்களைக் கைப்பைக்கு மாற்றுவதுதான் வழக்கமான தந்திரம். அதற்கு எல்லை உண்டு: வெளிநாட்டு விமானமானால் 100 மில்லிக்கு மேற்பட்ட எந்தத் திரவமும் கைப்பையில் போகாது. பாகில் ஊறிய மக்கன் பேடாவும் நெய்யும் ஊறுகாயும் அங்கே திரவக் கணக்கில்தான் வரும். பவர் பேங்க் நேர்மாறு. அது கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. வரம்பு 100 வாட்-அவர். 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 74 வாட்-அவர், பிரச்சினையில்லை.

வளைகுடா போகிறவர்களுக்கு எடையோடு உருவமும் பிரச்சினை. துபாயில் 2017 முதல் தட்டையான பக்கம் ஒன்றாவது இல்லாத உருண்டை மூட்டையை ஏற்பதில்லை. ஜித்தாவில் கயிறு கட்டிய, துணி சுற்றிய மூட்டைகளுக்குத் தடை. பெயரெழுதிக் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிக் காலம் அங்கே முடிந்துவிட்டது.

முன்கூட்டி வாங்குவதா, குறைப்பதா

எப்படிப் பார்த்தாலும் அதிகம் போகும் என்று தெரிந்தால் நிறுவனத்தின் இணையதளத்திலோ செயலியிலோ முன்கூட்டியே கூடுதல் எடை வாங்கலாம். 5, 10, 15 கிலோ என்று கட்டுகளாகவே விற்பார்கள். புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே விற்பனை முடிந்துவிடும். வாங்கியபின் பெரும்பாலும் பணம் திரும்பாது. கணக்கு எளிது. கட்டின் விலையைக் கவுன்ட்டரின் கிலோ விலையால் வகுங்கள். உதாரணத்துக்கு 5 கிலோ கட்டு 2,100 ரூபாய், கவுன்ட்டரில் கிலோ 600 என்றால் விடை 3.5. உங்கள் கூடுதல் மூன்றரை கிலோவுக்கு மேலென்றால் கட்டு லாபம். அதற்குக் கீழென்றால் இரண்டுமே தண்டம், பொருளை எடுத்து வெளியே வையுங்கள். டெல்லி, கொல்கத்தா போல உள்நாட்டு ஊருக்குப் புத்தகம், பாத்திரம் கொடுக்க வேண்டியிருந்தால் ஒரு வாரம் முன்னால் தபாலிலோ பார்சலிலோ அனுப்பிவிடுவது எதையும்விட மலிவு.

கவுன்ட்டரில்

தாமதமாகப் போகிறவர்தான் அதிகம் பணம் கட்டுகிறார். உள்நாட்டில் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு கவுன்ட்டர் மூடும். வெளிநாட்டுக்கு 60 முதல் 75 நிமிடம், நிறுவனத்தைப் பொறுத்து. ஸ்ரீபெரும்புதூரில் லாரிகள் நின்றுவிட்டால் வேலூரிலிருந்து மூன்றரை மணி நேரம்கூட ஆகும். கடைசி நிமிடத்தில் ஓடி வந்தவருக்குப் பெட்டியைத் திறந்து மாற்றி அடுக்க நேரமிருக்காது.

நேரமிருந்தால் வழி உண்டு. பெட்டி கட்டும்போதே மேலடுக்கில் இரண்டு கிலோ அளவுக்கு இடம் மாற்றக்கூடிய பொருட்களை ஒரு மஞ்சப்பையில் தனியாக வையுங்கள். கத்தி, அருவாமனை, பெரிய பாட்டில் மாதிரி கைப்பைக்குப் போகக் கூடாதவை அடியில் இருக்கட்டும். "2.4 கிலோ அதிகம் சார்" என்று சொன்னவுடன், டேக் அச்சாகும் முன்பே, பெட்டியை இறக்கிக்கொண்டு ஓரமாக வந்துவிடலாம். கைப்பையில் இடமிருந்தால் மஞ்சப்பை அதற்குள். இல்லையென்றால் வந்த வண்டியில் திருப்பி அனுப்பலாம். அதற்காகவே, பெட்டி பெல்ட்டில் போகும் வரை டிரைவர் அண்ணனைக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லி வைக்க வேண்டும். டிக்கெட் இல்லாதவர் முனையத்துக்குள் வர முடியாது. நீங்கள்தான் வாசல் வரை போய்க் கொடுக்க வேண்டும். போர்டிங் கேட்டில் பிடிபட்டால் இந்த வழியெல்லாம் அடைந்துவிடும். அங்கே கட்டணமும் கூடுதலாக இருக்கலாம்.

திரும்பும்போது இத்தனை வசதியும் இல்லை. தொங்கு தராசைப் பெட்டியிலேயே எடுத்துப் போங்கள், நூறு கிராம்தான். கடற்கரை ஊரிலிருந்து வருகிறவர்கள் கிளம்பும் நாள் காலையில் குளித்துவிட்டு ஈரத் துணியைப் பையில் சுருட்டி வைக்கிறார்கள். அரை கிலோ டர்க்கித் துண்டு நனைந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். நாலு பேர் துணிக்கு மூன்று கிலோ தண்ணீருக்குப் பணம் கட்டுகிறோம் என்று அர்த்தம். கடைசிக் குளியலை முந்தைய நாள் மாலையோடு நிறுத்திக்கொண்டால் ராத்திரி மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும்.